3,400 ரூபாய் ‘லிவர் பேக்கேஜ்’: ஒரு டியூப் செய்த கோளாறு

திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வயது 52. குடிப்பழக்கம் கிடையாது, ஆனாலும் ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 2’ என்று வந்துவிட்டது. பயத்தில் அன்று ராத்திரியே போனில் ஒரு பேக்கேஜ் புக் செய்தேன். வழக்கமான கல்லீரல் டெஸ்டுகளோடு ஜிங்க், காப்பர், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டுவது), தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். லேப் பெயர் வேண்டாம், சண்டைக்காக எழுதவில்லை.

காலை ஆறரைக்கு வருவதாகச் சொன்ன பையன் பதினொன்றே காலுக்கு வந்தான். அதற்குள் நான் காபி குடித்திருந்தேன். “பரவால்ல சார்” என்று எடுத்துக்கொண்டான். ஊசி குத்தியதே தெரியவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ரிப்போர்ட்டும் மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்தது. 22 பக்கம், அதில் பாதி படம்.

ஜிங்க் 171, அதுவும் சிவப்பு எழுத்தில். நார்மல் 120 வரைதானாம். ஃபெரிட்டின் 412, அதுவும் சிவப்பு. டெஸ்டோஸ்டிரோன் குறைவு. வீட்டுக்காரம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

டாக்டர் ஜிங்கைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “எந்தக் கலர் மூடி டியூப்ல எடுத்தாங்க?” சிவப்பு என்றேன். கல்லீரல் கெட்டால் ஜிங்க் குறையத்தான் செய்யும், இப்படி ஏறாதாம். சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலிருந்தே ஜிங்க் ரத்தத்தில் இறங்கிவிடும், ரத்த அணுக்கள் உடைந்தாலும் ஏறும், இதற்கென்றே கருநீல மூடி டியூப் இருக்கிறது என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. பழைய கலர் ஒட்டிய டப்பாவில் வெள்ளை பெயிண்டை ஊற்றிவிட்டு, கம்பெனி மேல் பழி போடும் வாடிக்கையாளரை நான் தினமும் பார்க்கிறேன். வேறு லேபில் கருநீல டியூபில் எடுத்துப் பார்த்தேன்: 84.

டெஸ்டோஸ்டிரோன் வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள் எடுத்திருக்க வேண்டுமாம். ஃபெரிட்டின் ஃபேட்டி லிவரிலேயே ஏறுமாம். உடம்பில் இரும்பு உண்மையிலேயே சேர்கிறதா என்று பார்க்க ட்ரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் வேண்டும், 45 சதவீதத்தைத் தாண்டினால்தான் கவலை. அந்த டெஸ்ட் பேக்கேஜில் இல்லை! தனியாக எடுத்ததில் 31. காப்பர் எனக்கு எதற்கு என்று கேட்டேன். வில்சன் நோய் என்று ஒன்று, செம்பு கல்லீரலில் தங்கிவிடும், பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்களிடம் தேடுவது என்றார். அதற்கும் ரத்தத்தில் காப்பர் மட்டும் பார்த்தால் போதாது, ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதமும், 24 மணி நேரச் சிறுநீரில் போகும் செம்பும் பார்க்க வேண்டுமாம்.

அப்புறம் ஃபைப்ரோசிஸ், அதாவது கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்பதை மொபைலில் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டார். ஃபிப்-4 என்று பெயர். வயது, கல்லீரல் டெஸ்டில் வரும் எஸ்ஜிஓடி 41, எஸ்ஜிபிடி 58, அப்புறம் பிளேட்லெட் 2.3 லட்சம், இவ்வளவுதான். 1.22 வந்தது. 1.3-க்குக் கீழே என்றால் இப்போதைக்குப் பயமில்லையாம். வேடிக்கை என்னவென்றால், பிளேட்லெட்டும் இவர்கள் பேக்கேஜில் கிடையாது. போன மாதம் காய்ச்சலுக்கு எடுத்த ரத்த டெஸ்ட் சீட்டு சட்டைப்பையில் கிடந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஊசி போட்ட பையனுக்காக இரண்டு ஸ்டார். நேற்று அதே லேபிலிருந்து ஒரு பெண் போன் செய்து, “சார், ரிப்பீட் பேக்கேஜுக்கு இருபது பர்சென்ட் டிஸ்கவுண்ட்” என்றது. ஜிங்குக்கு என்ன கலர் டியூப் கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன். “அது கலெக்‌ஷனுக்கு வர்றவர்கிட்ட கேட்டுக்கங்க சார்.”