ஓய்வுக்காலச் சேமிப்பு: நிலையான தொகையா, நிலையான சதவீதமா?

சந்தையில் முதலீடு செய்த ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் செலவுக்குப் பணம் எடுக்க இரண்டு வழிகளைப் பார்ப்போம். முதல் வழியில், முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுக்கிறோம்; அப்புறம் ஆண்டுதோறும் விலைவாசி ஏறிய அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்கிறோம். அமெரிக்கச் சந்தையின் பழைய கணக்குகளை வைத்து, இது 30 ஆண்டு தாங்கும் என்று 1994-இல் சொன்னவர் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன். வருமானம் சீராக வரும். ஆனால் ஓய்வுபெற்ற கையோடு சந்தை சரிந்தால் சிக்கல்: அதே தொகைக்கு முதலீட்டில் அதிக யூனிட்களை (நாம் வாங்கி வைத்த பங்குகளை) விற்க வேண்டும்; பிறகு சந்தை ஏறினாலும், அதில் பலன் காணக் கையில் மிச்சம் குறைவு.

மற்றது, ஒவ்வோர் ஆண்டும் மீதியிருப்பதில் 4 சதவீதம். கணக்குப்படி பணம் முழுதாகத் தீராது. சரி, ஆனால் சேமிப்பு 30 சதவீதம் விழுந்தால் வருமானமும் அவ்வளவு விழும். மருந்துச் செலவு விழுமா?

அடிப்படைச் செலவுக்கு ஓய்வூதியம் இருப்பவருக்கு இரண்டாவதைச் சொல்வேன். சேமிப்பை மட்டுமே நம்புபவருக்கு முதலாவது, அதுவும் 4-க்குச் சற்றுக் கீழே தொடங்கி.