பாங்காக்கில் தெருச்சாப்பாடு: யாவராட்டா, ஆபீஸ் சந்துகளா, ஃபுட் கோர்ட்டா?

பாங்காக்கில் இரண்டு மூன்று நாள்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால், எந்த நேரத்தில் எங்கே சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், பதார்த்தம் தன்னால் அமையும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மதிய நேர ஆபீஸ் சந்துதான் முதலிடம். யாவராட் அதற்கு அடுத்துதான். சைவக்காரர்களுக்குக் கணக்கே வேறு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

யாவராட் என்பது சைனா டவுனின் பிரதான சாலை. பொழுது சாய்ந்ததும் இரண்டு பக்கமும் கடை விரிக்கிறார்கள். 2017-ல் நகர நிர்வாகம் நடைபாதைக் கடைகளை அகற்றப்போவதாக அறிவித்தபோதுகூட, யாவராட்டுக்கும் காவ்சான் சாலைக்கும் விலக்கு கொடுத்தார்கள். சுற்றுலாவுக்கு இந்த இரண்டும் முகம் மாதிரி ஆகிவிட்டன. 2019-ல் வாட் மங்கோன் மெட்ரோ நிலையம் திறந்த பிறகு போய்வருவதும் சுலபம். இங்கே விடக்கூடாதது குவே சாப்: சுருள் சுருளான அரிசி நூடுல்ஸ், பன்றிக் குடல், ஈரல், அதன் மேல் மிளகு தூக்கலான தெளிந்த சாறு. மிளகு ரசத்துக்கு உருகும் ஆளாக இருந்தால் முதல் வாயிலேயே பிடித்துப்போகும். அப்புறம் சூடான இஞ்சிச் சாறில் மிதக்கும் கறுப்பு எள் உருண்டை. குறைகளும் உண்டு. கூட்டம் நெரிக்கும், நின்றுகொண்டே சாப்பிட வேண்டியிருக்கும், விலை மற்ற இடங்களைவிட ஏறத்தான் இருக்கும். இறால், நண்டு என்று தட்டில் அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் உட்காருவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். திங்கட்கிழமை பல தள்ளுவண்டிகள் வராது, அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆபீஸ் சந்துக்கு விளக்கும் கிடையாது, ஆரவாரமும் கிடையாது. சீலோம் சாலையிலிருந்து பிரியும் கான்வென்ட் சந்து மாதிரி இடங்களில், பதினொன்றரை மணிக்கு மேல் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஊழியர்கள் இறங்கி வருவார்கள். சாப்பாடு இங்கே நன்றாக இருப்பதற்குக் காரணமே அவர்கள்தான். தினமும் அதே ஆள் அதே கடைக்கு வருகிறார், ஒரு நாள் ருசி குறைந்தால் மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஒரு தடவை வந்துபோகும் நம்மை நம்பிக் கடை நடத்துபவருக்கு அந்தப் பயம் இல்லை.

பட் கிரபாவ் போடுவதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். இடித்த பூண்டும் பச்சை மிளகாயும் வாணலியில் விழுந்ததும் முதலில் நமக்குத் தும்மல் வரும். கொத்திய கறி, மீன் சாஸ், சிப்பி சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை, எல்லாம் பெருந்தீயில் இரண்டே நிமிடம். அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஒரு பிடி இலை. அது நம் துளசியின் இனம்தான், நாம் தீர்த்தத்தில் போடுவதை அவர்கள் வாணலியில் போடுகிறார்கள். சோற்றின் மேல் கொட்டி, ஓரம் மொறுமொறுக்கப் பொரித்த முட்டையை மேலே வைத்துத் தருவார்கள். 50 முதல் 70 பாட் வரை ஆகும். மேசையில் சர்க்கரை, காய்ந்த மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ் என்று நான்கு கிண்ணம் இருக்கும். நூடுல்ஸ் வாங்கினால் அவற்றைத் தொடாமல் சாப்பிடாதீர்கள், கடைசி ருசியை அவரவர் கூட்டிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். பெயர் தெரியவில்லையா, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குழம்பு, பொரியலை அடுக்கி வைத்திருக்கும் சோற்றுக் கடையில் விரலால் காட்டினால் போதும். ஒன்றரை மணிக்கு மேல் பாத்திரம் காலியாகத் தொடங்கும், சனி, ஞாயிறில் பாதிக் கடை இருக்காது. வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும். ஆனாலும் எனக்கு இதுதான் பாங்காக்கின் நிஜமான ருசி.

ஃபுட் கோர்ட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. அசோக் ஸ்டேஷனை ஒட்டிய டெர்மினல் 21 மாலில் இருக்கும் பியர் 21-க்குப் போய்ப் பாருங்கள், உள்ளூர்க்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். கார்டில் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும், மீதியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். படமும் விலையும் எழுதியிருக்கும், ஏசி இருக்கும், விலையும் தெருவை ஒட்டியே இருக்கும். காரம் ஒரு படி இறங்கியிருக்கும், வாணலியின் புகைவாசம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால், வந்து இறங்கிய முதல் நாளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜாட் ஃபேர்ஸ் மாதிரியான இரவுச் சந்தைகள் நண்பர் பட்டாளத்துக்குச் சரி. பன்றி முதுகெலும்பை மலைபோல் குவித்து, எலுமிச்சையும் மிளகாயும் கலந்த சாறை ஊற்றித் தரும் லெங் சாப் ஒன்றுக்காகப் போகலாம். தனியாக வருபவர் விட்டுவிடலாம்.

இப்போது சைவம். காய்கறி மட்டும் போட்டுத் தரச் சொன்னாலும் மீன் சாஸ் வந்துவிடும், பப்பாளிக்காயை உரலில் இடித்துச் செய்யும் சோம் தம்மில் காய்ந்த இறால் இருக்கும். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' (தாய்லாந்து எழுத்தில் เจ) என்று போட்டிருக்கும் கடையைத் தேடுங்கள். அங்கே மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடப் போட மாட்டார்கள். தெருவில் இதைத் தேடி அலைவதைவிட, ஜே கவுண்டர் இருக்கும் ஃபுட் கோர்ட்டுக்கு நேராகப் போய்விடலாம், பல இடங்களில் அது உண்டு. ஆகவே சைவக்காரர்களுக்கு முதலிடம் ஃபுட் கோர்ட்தான். ஒரே ஒரு சமயத்தில் இந்த வரிசை தலைகீழாகும்: சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் சைவத் திருவிழா. அந்த ஒன்பது நாளும் யாவராட் முழுக்க மஞ்சள் கொடி பறக்கும். பல வருடங்களில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வருகிறது. அப்படி அமைந்தால், தமிழர்கள் கட்டிய சீலோம் மாரியம்மன் கோயிலில் கொலுவிருக்கும் அம்மனைப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாவராட் போய்விடலாம்.

எங்கே போனாலும் 20, 50, 100 பாட் தாள்களாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். க்யூஆர் அட்டை எல்லாக் கடையிலும் தொங்கும்தான், ஆனால் அதற்குப் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும்.