துரு எடுக்கக் கொடுத்தேன், இரும்பையே எடுத்துவிட்டார்

பழைய தோசைக்கல், பணியாரக்கல், வாணலி என்று எதையாவது துரு நீக்கக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கொடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கொடுக்கும் முன் வீட்டிலேயே எடை போட்டுக் குறித்துவையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என்னுடையது அப்பத்தாவின் பணியாரக்கல். ஏழு குழி, வார்ப்பு இரும்பு. காரைக்குடிப் பக்கத்திலிருந்து அப்பா வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்தபோது குடும்பத்தோடு வந்து சேர்ந்தது. அப்பத்தா போன பிறகு பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்ததோடு சரி, பதினைந்து மழைக்காலத்தை அங்கேயே கழித்துவிட்டது. அதனோடு ஒரு தோசைக்கல்லும் கிடந்தது. எங்கள் நான்ஸ்டிக் கல்லின் பூச்சு உரிந்து தோசையோடு தட்டுக்கு வந்த நாளில்தான் இரண்டின் நினைவும் வந்தது. போய் எடுத்துப் பார்த்தால் கை முழுக்கச் செம்மண் நிறம்.

புளி போட்டுத் தேய்த்தேன், தேங்காய் நாரால் தேய்த்தேன், வினிகரில் ஊறவைத்தேன். மேலே இருந்தது போனது, குழிக்குள் அடையாக இருந்தது அசையவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா ஒரு காணொளியைக் காட்டினார். நீலப் பீப்பாய் நிறையத் தண்ணீர், அதில் துருப்பிடித்த வாணலியை இறக்குகிறார்கள், மின்சாரம் பாய்கிறது, மறுநாள் சாம்பல் நிறத்தில் புதுப் பாத்திரம் போல மேலே வருகிறது. செய்பவர் எங்கள் ஊரிலேயே, கிழக்குப் புறத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார் என்றும் சொன்னார். இரண்டு கல்லையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

எடைக்குத்தான் கூலி. கிலோவுக்கு 300 ரூபாய். மின்தராசில் வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் அவரே எழுதினார்: தோ.கல் 3.240, ப.கல் 2.910. மொத்தம் 6 கிலோ 150 கிராம். 1,845 ரூபாய் ஆகிறது, 1,850 வாங்கிக்கொண்டார். ஐந்து ரூபாய் மேலே போனதை அன்றே மனத்தில் குறித்துக்கொண்டேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு அது ஒரு வியாதி. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்ததும் அதே வியாதிதான், பின்னால் அதுவே எனக்குச் சாட்சி ஆனது.

நான்கு நாள் கழித்துப் போனபோது இரண்டும் மை தீட்டியது போல மினுங்கின. "பழக்கியே வைத்திருக்கிறேன் அக்கா, நேராக மாவு ஊற்றலாம்" என்றார். அங்கேயே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். பழகிய கல்லின் கறுப்பு இப்படி இருக்காது. நடுவில் ஆழ்ந்து, ஓரத்தில் மங்கி, எண்ணெய் போன வழியெல்லாம் தெரியும். இதுவோ கைப்பிடி, அடிப்பக்கம், குழியின் உள்ளே என்று எல்லா இடத்திலும் ஒரே கறுப்பு.

மறுநாள் காலை தோசைக்கல்லை அடுப்பில் வைத்ததும் சமையலறையில் தின்னர் வாடை. முதல் தோசையின் முதுகில் கரி ஒட்டியிருந்தது. புதுக்கல் அப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு பணியாரக்கல்லை வைத்தேன். ஏழு குழியிலும் எண்ணெய் விட்டு, தாளித்த மாவை ஊற்றி மூடினேன். அடியில் உஸ்ஸென்று சத்தம். நடுக்குழியிலிருந்து மாவு சொட்டி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பணியாரத்தைத் திருப்பக் கம்பியை விட்டால், நுனியில் வெல்லப்பாகு போல இளகிய ஒரு சாம்பல் நிற உருண்டை ஏறி வந்தது. முகர்ந்து பார்த்தேன். குழாய் ஒழுக்கை அடைக்க இரண்டு துண்டைச் சேர்த்துப் பிசைவோமே, அந்தப் பசை.

பணியாரத்தைக் கொட்டிவிட்டு, கல்லை ஆறவைத்து, கறுப்பைச் சுரண்டினேன். எனாமல் பெயின்ட். அதற்குக் கீழே குழிகளின் வெளிப்புறம் முழுக்க அம்மைத் தழும்பு. விரலால் தடவினால் பென்சில் கரி போல வழுக்கிக்கொண்டு வந்தது. நடுக்குழியின் அடியில் ஊசி நுழையும் ஓட்டை.

எங்கள் தெருவில், பம்புசெட் வார்க்கும் பவுண்டரியில் நாற்பது வருடம் அச்சு கட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். சாவி முனையால் கல்லின் அடியில் ஒரு கீறல் போட்டார். சோப்பில் விழுவது போல விழுந்தது. "இது துரு தின்றதில்லை அம்மிணி, மின்சாரம் தின்றது" என்றார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். தொட்டியில் இரண்டு இரும்பு தொங்கும். பேட்டரி சார்ஜரின் கறுப்புக் கவ்வி, அதாவது எதிர்முனை, சுத்தமாக வேண்டிய பாத்திரத்துக்கு. சிவப்புக் கவ்வி, நேர்முனை, வீணாகப் போனாலும் பரவாயில்லை என்கிற பழைய இரும்புத் துண்டுக்கு. மின்சாரம் பாயும்போது பாத்திரத்தின் பக்கம் ஹைட்ரஜன் குமிழ் எழும்பி, துரு இளகி உதிரும். அடியிலிருக்கும் நல்ல இரும்புக்கு ஒன்றும் ஆகாது. சிவப்புப் பக்கத்தில் இருப்பதுதான் கரையும். அதைப் பலி இரும்பு என்றே சொல்லலாம். வார்ப்பு இரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரி உண்டு. இரும்பு கரைந்து போனால் அந்தக் கரி கிராஃபைட்டாக அப்படியே மிஞ்சி நிற்கும். என் விரலில் ஒட்டியது அதுதான். சரியாகச் சுத்தம் செய்த பாத்திரத்திலும் முதலில் கறுப்புக் கசடு இருக்கும், ஆனால் தேய்த்துக் கழுவினால் போய்விடும், அடியில் இரும்பு கல்லாக நிற்கும். சாவிக்குக் கீறல் விழாது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் எடை போட்டேன். தோசைக்கல், பெயின்ட்டைச் சுரண்டிய பிறகு, 3.190. ஐம்பது கிராம் குறைவு. அத்தனை வருடத் துருவும் அடைக்கரியும் போனால் அவ்வளவு குறையலாம், நியாயம். பணியாரக்கல் 2.580. முந்நூற்று முப்பது கிராம் குறைவு.

ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பைக் கரைக்கும். பத்து ஆம்பியரில் ஒரு பகலும் இரவும் போட்டால் 250 கிராம். மிச்சத்தைத் துருவின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கவ்வியை மாற்றி மாட்டிவிட்டார், கைத்தவறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சொல்லாமல் ஒரு மாலை கொட்டகைக்குப் போனேன். ஆள் வெளியே போயிருந்தார், உதவிக்கு இருக்கும் பையன் மட்டும் இருந்தான். மூன்று பீப்பாயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜரின் முள் பத்தில் நின்றது. கறுப்புக் கவ்வியில் யாருடையதோ, வெளிநாட்டில் வாங்கியது போல நீண்ட கைப்பிடி வைத்த கனத்த வாணலி. சிவப்புக் கவ்வியிலும் ஒரு பாத்திரம்! பழைய இரும்புச் சட்டி. யாரோ நம்பிக் கொடுத்த சட்டி. அதைச் சுற்றி ஆரஞ்சு நிற நுரை கட்டியிருந்தது.

"எப்போதும் இப்படித்தான் மாட்டுவீர்களா, தம்பி?" என்று கேட்டேன். "ஆமாம் அக்கா, ஒரே நேரத்தில் இரண்டு சுத்தமாகும்" என்றான் வெள்ளந்தியாக.

ஆக, என் பணியாரக்கல் வேறொருவர் வாணலிக்குப் பலி இரும்பாகத் தொங்கியிருக்கிறது. அதற்குக் கூலியும் நானே கொடுத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பீப்பாய்க்குப் பக்கத்தில் கல்லுப்பு மூட்டை. இந்த வேலைக்குப் போட வேண்டியது சலவைச் சோடா. உப்பைப் போட்டால் நேர்முனையில் குளோரின் வாயு வரக்கூடும், அந்தப் பக்கத்து இரும்பும் வேகமாக அரிக்கும். சோடாவில் இவ்வளவு மோசமாகக் கரையாது. இன்னொரு பீப்பாயில், பலி இரும்புக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டுகள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. அது நேர்முனையில் கரையும்போது ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு அது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துருத் தண்ணீரும் மஞ்சள்தான், குரோமியத் தண்ணீரும் மஞ்சள்தான், பார்த்துப் பிரிக்க முடியாது. அந்தப் பையன் தொட்டித் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றுவதை நின்று பார்த்தேன்.

உரிமையாளர் வந்தார். முதலில் என் கல்லே மோசம் என்றார். சீட்டை நீட்டினேன், என் எடையையும் சொன்னேன். பிறகு, இரண்டு பக்கமும் சுத்தமாகும் என்றுதான் தனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். அறியாமல் செய்தார் என்றால் திட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் ஓட்டையைப் பார்த்துப் பசை வைத்து அடைத்ததும், அது தெரியாமலிருக்கப் பெயின்ட் அடித்ததும், அதற்குப் பழக்குதல் என்று பெயர் வைத்ததும் அறியாமையில் சேராதே? பிள்ளைகள் சாப்பிடும் பாத்திரம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

கூலியைத் திருப்பிக் கொடுத்தார். கல்லுக்கு என்ன என்றேன். பழைய இரும்பு விலைக்கு எடைக்கு எடை போட்டுத் தருகிறேன் என்றார். எந்த எடைக்கு, 2.910க்கா 2.580க்கா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. ஆனால் என் கையில் இருக்கும் சீட்டில் கடைப்பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. கைபேசியில் பணம் அனுப்பிய பதிவு மட்டும் இருக்கிறது. நீங்களாவது ரசீது கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் நாலாபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பாத்திரத்திலிருந்து பொடிக் குமிழ் பொங்கி எழ வேண்டும். குமிழே இல்லாமல் அதைச் சுற்றி ஆரஞ்சுக் கசடு திரண்டால், சார்ஜரை அணைக்கச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பெயின்ட் போல மினுங்கும் எதையும் வாங்காதீர்கள், வெறும் சாம்பல் நிற இரும்பாகவே கேளுங்கள். பழக்குவது நம் வேலை.

முறையின் மேல் எனக்குக் கோபமில்லை. அதே பெரியவர் மேற்பார்வையில் எங்கள் மொட்டை மாடியில் தோசைக்கல்லுக்கு நானே தொட்டி வைத்தேன். கல் முழுதும் மூழ்கும் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பலிக்குக் கட்டடம் கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கிய முறுக்குக் கம்பித் துண்டுகள். துத்தநாகம் பூசிய தகடு கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 12 வோல்ட் சார்ஜர், பழைய வகை. இப்போது வருகிற தானியங்கிச் சார்ஜர்களில் பல, பேட்டரி இருப்பது தெரிந்தால்தான் மின்சாரம் விடும். கம்பியும் கல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாது, கையை விடும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும், ஹைட்ரஜன் வருவதால் பக்கத்தில் தீக்குச்சி கூடாது, மூடிய அறையில் வைக்கவே கூடாது. கம்பியைப் பார்த்த முகம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் பாதியில் கல்லைத் திருப்பிவிட்டேன். பெயின்ட்டின் மிச்சமும் இளகி வந்துவிட்டது.

தொட்டியிலிருந்து எடுத்த இரும்பு மேலாடை இல்லாத பிள்ளை மாதிரி. கழுவிய சில நிமிடங்களிலேயே மஞ்சள் பூக்கும். தேய்த்து, கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டி, சூட்டோடு நல்லெண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்து, புகை வரும்வரை காய்ச்சி ஆறவைத்தேன். ஐந்து தடவை. பிறகு பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து வார்த்ததில் மூன்றாவது தோசை ஒட்டாமல் வந்தது.

பணியாரக்கல்லுக்கு வழியில்லை. ஓட்டையைப் பற்றவைக்கலாம், ஆனால் சுற்றியிருக்கும் இரும்பில் பிடிப்பு இல்லை என்று பெரியவர் கைவிட்டுவிட்டார்.

அன்று சிவப்புக் கவ்வியில் தொங்கிய சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பையனிடம் சொல்லி என் கண்ணெதிரே கழற்றவைத்தேன், நான் வந்த பிறகு மறுபடி மாட்டியிருந்தால் தெரியாது. அடியில் மூன்று குட்டைக் கால். ஒரு பக்கத்துக் காது பாதி உடைந்தது. உடையாத காதின் கீழே வெள்ளைப் பெயின்ட்டில் "ர" என்று எழுதி, அதன்மேல் ஒரு புள்ளி வைத்திருக்கிறது. உங்களுடையதாக இருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள். அவருடைய தராசிலேயே அவர் கண் முன்னால் எடை போட்டு எழுதி வாங்குங்கள்.