முழுசா எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா?

மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் டாக்டர் பெரும்பாலும் இரண்டு வழி சொல்வார். ஒன்று, மார்பகத்தை முழுசாக எடுத்துவிடுவது. இன்னொன்று, கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் எடுத்துவிட்டு, மிச்ச மார்பகத்துக்குக் கதிர்வீச்சு, அதாவது கரண்ட் வைப்பது. நான் இரண்டாவதை எடுத்தவள். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

"முழுசா எடுத்துட்டா நிம்மதிதானே?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவும் இத்தாலியில் டாக்டர் உம்பெர்ட்டோ வெரோனேசி குழுவும் 20 வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவைச் சொல்லிவிட்டார்கள். ஆயுளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஃபிஷர் ஆய்வில், கரண்ட் வைக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் மறுபடி வந்தது. கரண்ட் வைத்தவர்களில் 14 சதவீதம். ஆகவே யார் என்னிடம் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது, கரண்ட்டை விடாமல் முடிக்க முடியுமா என்பதைத்தான்.

முன்பெல்லாம் 25 தடவை, 5 வாரம். இப்போது பல இடங்களில் 15, 16 தடவை, 3 வாரத்தில் முடிகிறது. சிலருக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நாள். மெஷினில் படுப்பது சில நிமிஷம்தான். நாளைத் தின்பது பஸ்ஸும் காத்திருப்பும். கரண்ட் படவேண்டிய இடத்தைக் காட்ட நெஞ்சில் போட்ட மார்க் அழியாமல் குளிக்க வேண்டும், வியர்த்தால் மை ஜாக்கெட்டில் ஒட்டும். இடது பக்கம் என்றால், இதயத்தில் படாமலிருக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதுண்டு. கடைசியில் தோல் கறுத்து, அக்குள் மடிப்பில் எரிச்சல். பழைய காட்டன் நைட்டிதான் சுகம். எனக்கு மதுரையில் நாத்தனார் வீடு இருந்தது. இல்லாவிட்டால் போடிப் பக்கமிருந்து தினமும் போய் வந்திருப்பேனா, சந்தேகம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடந்தாலும், கூட வருபவருக்கு விட்டுப்போகும் கூலியை யாரும் தருவதில்லை.

இந்த அலைச்சலுக்காகவே முழுசாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தப்பே இல்லை. ஆனால் அக்குள் நெறிகளுக்குப் பரவியிருந்தாலோ, கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, முழுசாக எடுத்த பிறகும் பெரும்பாலும் கரண்ட் வைக்கச் சொல்வார்கள். வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு அதுதான் நடந்தது. கரண்ட்டுக்குப் பயந்து முழுசாக எடுத்தார், நெறியில் இருந்ததால் என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் "முழுசா எடுத்தாலும் எனக்குக் கரண்ட் வேண்டி வருமா டாக்டர்?" என்று கேளுங்கள். எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தபிறகுதான் முடிவாகத் தெரியும் என்றாலும், ஸ்கேனைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடுவார். வேண்டி வரும் என்றால், அலைச்சலைக் காரணம் காட்டி மார்பகத்தை விட்டுக்கொடுப்பதில் அர்த்தமில்லை.

கீமோவும் மாத்திரையும் எந்த ஆபரேஷன் என்பதைப் பார்த்து வருவதில்லை. கட்டி எந்த வகை, ஹார்மோனால் வளர்வதா என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 ரிப்போர்ட்டும் நோயின் நிலையும்தான் அதை முடிவு செய்யும். கை வீக்கமும் முக்கியமாக அக்குள் நெறிகளை எடுப்பதால் வருவது, இரண்டு வழியிலும் வரலாம்.

என் வழியிலும் தொல்லை உண்டு. எடுத்த சதையின் ஓரத்தில் புற்றுநோய் செல் இருந்தால் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும். மார்பகத்தில் பல இடத்தில் கட்டி இருந்தாலோ, முன்பே நெஞ்சில் கரண்ட் வைத்திருந்தாலோ முழுசாக எடுப்பதுதான் வழக்கம். குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருந்தால் அதைப் பற்றியும் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும். எடுத்த இடத்தில் புது மார்பகம் அமைப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பிராவுக்குள் வைக்கும் சிலிகான் மட்டும் அந்த அக்கா காட்டினார். வெயில் காலத்தில் கனக்கிறது, வேர்க்கிறது என்பார், கல்யாண வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வார்.