பாதியில் மூடுவதா, முடித்துவிடுவதா?

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி' 1983இல் வந்தது. பறிகொடுத்த பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர எதற்கும் துணிகிற ஒரு அப்பாவின் கதை. எல்லை மீறிவிட்டோமோ என்று எழுதியவரே தயங்கி, கொஞ்ச காலம் வெளியிடாமல் வைத்திருந்த நாவல். மண்டபத்தில் நானும் கீழக்கரையில் அக்காவும் ஒரே வாரத்தில் எடுத்தோம்.

கதையில் பிள்ளையின் அடக்கம் நடக்கும் இடத்தில் அக்கா புத்தகத்தை மூடிவிட்டாள். "இதுக்கு மேல முடியாதுடா." நான் முடித்தேன்.

மூடுவதைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அக்காவுக்கு மூன்று வயதில் மகன். பேய் பயம் விளக்கைப் போட்டால் போய்விடும். இந்தப் பயம் பக்கத்தில் தூங்கும் பிள்ளையைப் பார்க்கப் பார்க்கக் கூடும். எங்கள் அப்பத்தாவும் இப்படித்தான்: 1964 டிசம்பர் புயலைப் பற்றிப் பேசினால், கடல் கொண்டுபோன தனுஷ்கோடி ரயில் வரைதான் வருவார். அங்கே நிறுத்திவிடுவார். யாரும் மேலே கேட்டதில்லை.

ஆனால் மூடினால் ஒரு தொல்லை உண்டு. மிச்சத்தை மனசே எழுதத் தொடங்கிவிடும். "அப்புறம் என்னாச்சு?" என்று அக்கா பத்து நாள் போனில் கேட்டாள். முடித்த எனக்கு அந்தக் கேள்வி இல்லை. முடிவு கொடூரமானதுதான், ஆனாலும் அது முடிவு.

சரி, எது நல்லது? சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில், சமீபத்தில் சாவு விழுந்த வீட்டில், மூடிவிடுங்கள். கடைசியில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் படித்தவரிடம் பகலில் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவுக்கு நான் பாம்பன் பாலத்துப் பக்கம் நின்று, நல்ல வெயிலில் சொன்னேன்.