தோலை இறுக்க எது: ஹைஃபுவா, ஆர்எஃப்பா, ஊசி ஆர்எஃப்பா?

கத்தி வைக்காமல் முகத்தை இறுக்கித் தருவதாகச் சொல்லும் கிளினிக்கில் மெஷின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் சூடு வைக்கிறார்கள் என்று கேளுங்கள். எந்த அடுக்கு தளர்ந்திருக்கிறதோ, சூடு அங்கே இறங்கினால்தான் பலன்.

தாடை ஓரம் தொங்கி, கன்னத்தில் ஓரளவு சதைப்பிடிப்பும் இருந்தால் ஹைஃபு நல்ல தேர்வு. இது அல்ட்ராசவுண்டை ஒரு புள்ளியில் குவித்து 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கும். முகத்தில் வைத்து நகர்த்தும் ஹேண்ட்பீஸில் மாட்டும் கார்ட்ரிட்ஜ்கள் 1.5, 3, 4.5 மி.மீ. ஆழம் என்று வரும், தசையை ஒட்டிய உறை வரை போவது 4.5. பெரும்பாலும் கோளாறு கைவேலையில்தான். ஜெல் குறைந்தாலோ, ஹேண்ட்பீஸ் ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ சூடு மேல்தோலிலேயே தங்கி, வரிவரியாகத் தடித்துவிடும். எலும்பு மேல் 4.5-ஐ வைத்தால் பல்லுவரை வலி தெறிக்கும். ஒட்டிய கன்னத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இருக்கிற கொழுப்பும் கரைந்து முகம் இன்னும் வாடிப்போகும். கார்ட்ரிட்ஜுக்கு ஷாட் கணக்கு உண்டு, ஒருமுறை சூடு பாய்ச்சுவது ஒரு ஷாட். தீரும் நிலையில் உள்ளதைப் போட்டு ஒப்பேற்றாமல் இருக்க, தொடங்குமுன் திரையில் மீதி எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் படுக்கவே வேண்டாம்.

சாதாரண ஆர்எஃப்பில், அதாவது ரேடியோ அலைச் சூட்டில், தோலின் மேற்பரப்பு 40 டிகிரியைச் சற்றுத் தாண்டும் அளவுக்குச் சூடாகும். லேசான தளர்ச்சிக்குப் போதும், பல சிட்டிங் ஆகும். தொங்கும் தாடைக்கு இதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

கழுத்தில் மெல்லிய சுருக்கம், பருத்தழும்பு இரண்டும் இருப்பவர்களுக்கு ஊசி ஆர்எஃப். மெல்லிய ஊசிகளைத் தோலுக்குள் இறக்கி, அவற்றின் வழியே அதே ரேடியோ அலைச் சூட்டைக் கொடுப்பது இது. மரப்புக் கிரீம் தடவி முக்கால் மணி நேரமாவது ஊற வேண்டும். பிறகு 4 முதல் 6 வார இடைவெளியில் மூன்று தடவை. லேசரைப் போல நிறமியைத் தேடிப் பிடிக்காது என்பதால் நம் மாநிறத்துக்கு ஆபத்து குறைவு. ஆனால் ஊசி போட்ட ஈரம் காயுமுன் குளச்சல், முட்டம் கடற்கரை வெயிலில் நின்றால் கருந்திட்டு விழும், மறைய மாதக்கணக்காகும். நம் குமரி மாவட்டத்துக்கு ஐப்பசி மழை தோதான காலம். மூடாக்கு வானத்திலும் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீனை விடக்கூடாது.

எதைச் செய்தாலும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாகக் கட்ட இரண்டு, மூன்று மாதம் ஆகும். தையில் மகள் கல்யாணம் என்றால் மார்கழிக் கடைசியில் ஓடி வருவது வீண். உடல் இளைத்து, தோல் பையாகத் தொங்குபவர்களுக்கு மூன்றுமே எடுபடாது. அவர்கள் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்ப்பதே சரி.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவை கூடாது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்களும், முகத்தில் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டவர்களும் அதைத் தோல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.