தத்துவமா, சமயவியலா: கல்லூரியில் எதை எடுக்கலாம்?

பல கல்லூரிகளில் தத்துவமும் சமயவியலும் ஒரே துறைக்குள் இருப்பதால், எதைப் படித்தாலும் ஒன்றுதான் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒரே நூலை இரண்டு வகுப்புகளும் எப்படிக் கையாளுகின்றன என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

11-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் துறவி ஆன்செல்ம் தன் நூலில் சொன்ன வாதம் இது: எதைவிடப் பெரியதை எண்ணவே முடியாதோ அதுவே கடவுள், மனத்தில் மட்டும் இருப்பதைவிட நிஜத்திலும் இருப்பது பெரிது, ஆகவே கடவுள் நிஜத்தில் இருந்தாக வேண்டும். தத்துவ வகுப்பு இதை வரிவரியாகப் பிரித்து, எந்தப் படி இடறுகிறது என்று தேடும். ஆன்செல்ம் காலத்திலேயே கௌனிலோ என்ற துறவி, இதே வழியில் குறையே இல்லாத ஒரு தீவும் இருப்பதாக நிறுவிவிடலாமே என்று மடக்கினார். முடிவு பிடித்திருக்கிறதா என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்குச் சொன்ன காரணம் நிற்கிறதா என்று பார்க்க மாணவர் பழகுகிறார். இதைவிடப் பெரிய ஆதாயம் கல்லூரியில் அரிது என்பேன்.

சமயவியல் வகுப்பு அதே பக்கங்களில் வேறொன்றைக் கவனிக்கும். ஆன்செல்ம் அதைப் பிரார்த்தனை வடிவில் எழுதினார். கடவுளையே ‘நீ’ என்று விளித்துப் பேசுகிறார். புரிந்துகொண்டு நம்புவதற்காக அல்ல, புரிந்துகொள்வதற்காகவே நம்புகிறேன் என்கிறார். அப்படியானால் அது மறுப்பவரை வெல்லும் வாதமா, நம்புகிறவரின் தியானமா? யார், யாருக்காக, எந்த வாழ்க்கைக்குள் இருந்து எழுதினார் என்று கேட்காமல் அதை எடைபோட்டால் பாதிதான் தெரியும். சடங்கு, கதை, அனுபவம், அறம், சமூக அமைப்பு எல்லாம் சேர்ந்ததே சமயம், கோட்பாடு அதில் ஒரு பகுதிதான் என்றார் நினியன் ஸ்மார்ட். 1967-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கியவர் அவர். நம்பிக்கை இல்லாதவரும் தாராளமாகப் படிக்கலாம். இது மதபோதனை இல்லை.

குறைகளும் உண்டு. இந்த வாரம் பௌத்தம், அடுத்த வாரம் இஸ்லாம் என்று ஓடும் அறிமுகப் பாடம் மேலோட்டமான சித்திரத்தோடு நின்றுவிடும். தத்துவமோ, மனிதர்களையே பார்க்காமல் வாக்கியங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்துவிடும்.

வேலை? சட்டம், ஆசிரியப் பணி, இதழியல் ஆகியவற்றுக்கு இரண்டுமே உதவும்.

சரி, ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால்? தத்துவம். சமய வரலாற்றை ஓரளவு தனியாகவே வாசித்துக்கொள்ளலாம். நம் வாதத்தில் உள்ள ஓட்டையை நாமே கண்டுபிடிப்பது கடினம், திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும். பாலி, அரபு, எபிரேயம் போன்ற மூலமொழி ஒன்றையும் சேர்த்துக் கற்றுத்தரும் சமயவியல் துறை கிடைத்தால் மட்டும் யோசிக்காமல் அங்கே சேருங்கள்.